மீட்டரில் நல்ல சிக்னல், திரையில் உடைந்த படம்: ட்யூனர் தரம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

புது டிவி வாங்கப் போகிறவர்கள் திரை எத்தனை அங்குலம், 4கே உண்டா, எச்டிஆர் உண்டா, எச்டிஎம்ஐ எத்தனை, எந்த ஆப் எல்லாம் ஓடும் என்று விசாரிக்கிறார்கள். ஆன்டெனா கேபிளைச் செருகும் இடத்துக்குப் பின்னால், வரும் அலைகளிலிருந்து வேண்டிய சேனலைப் பிரித்தெடுக்கும் ட்யூனர் என்ன வகை என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அப்படிக் கேட்டாலும் பதில் கிடைக்காது. ஆனால் ஆன்டெனா வைத்து ஒளிபரப்பைப் பார்க்கும் வீட்டில் திரைக்கு எது வந்து சேரும், எது சேராது என்பதை முடிவு செய்வது அந்தச் சிறிய பாகம்தான். ஆன்டெனா பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். எனக்கு வந்த புகார் ஒன்றை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை இங்கே எழுதுகிறேன். சிக்கலுக்குக் காரணம் ட்யூனர்தான் என்பதை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்ட எல்லா வீட்டிலும் வாய்ப்பு அமைவதில்லை.

புகார்

மாடியில் ஒரு யாகி ஆன்டெனா. அதன் கம்பத்திலேயே ஒரு பூஸ்டர். கீழே வரும் கேபிள் ஸ்பிளிட்டரில் இரண்டாகப் பிரிந்து ஒன்று ஹாலுக்கும் மற்றொன்று உள் அறைக்கும் போகிறது. ஹாலில் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய டிவியை உள் அறைக்கு மாற்றிவிட்டு, அதன் இடத்தில் பெரிய திரையுள்ள புது டிவியை வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டுக்கு நான்கு அலைவரிசைகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் பல சேனல்கள். இரண்டு அலைவரிசைகள் பக்கத்துக் கோபுரத்திலிருந்து பலமாக வருபவை. 562, 570 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் மற்ற இரண்டும் தூரத்திலிருந்து வருபவை. புது டிவியில் பக்கத்துக் கோபுரத்துச் சேனல்கள் பளிச்சென்று வந்தன. தூரத்துச் சேனல்கள் கட்டம் கட்டமாக உடைந்தன, குரல் விட்டு விட்டுக் கேட்டது. பகலில் ஓரளவு தாங்கும். பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் மோசம்.

விற்ற கடையிலிருந்து வந்தவர் ஆன்டெனா பழசு என்று சொல்லிப் பெரிய ஆன்டெனா மாட்டச் சொல்லியிருக்கிறார். மாட்டினார்கள். அதன் பிறகு அந்தச் சேனல்கள் பகலிலும் வராமல் போயின. வீட்டுப் பெரியவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, உள் ரூம்ல பழைய டிவியில எல்லாம் வருதே, அதே ஆன்டெனாதானே?"

இதற்குள்ளேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. சிக்னல் போதாததுதான் குறை என்றால், பெரிய ஆன்டெனா போட்டதும் கொஞ்சமாவது தேறியிருக்க வேண்டும். சிக்னலைக் கூட்டக் கூட்டப் படம் கெடுகிறது என்றால், எங்கோ ஏதோ ஒன்று தாங்க முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம். இரண்டாவது தடயம், உடையும் நேரம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மீட்டர் சொன்னது

ஹால் கேபிளில் சிக்னல் மீட்டரை மாட்டினேன். தூரத்து அலைவரிசைகள் சுமார் 52 டெசிபல் மைக்ரோவோல்ட் (கேபிளில் வரும் சிக்னலின் அளவைச் சொல்லும் அலகு). வீட்டு இணைப்புக்கு இது நல்ல அளவு. எம்இஆர், அதாவது சிக்னல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று காட்டும் எண், 27 டெசிபல். டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் அதிகத் தகவலைத் திணிக்கும் அமைப்புகளுக்குக்கூட 20 டெசிபல் அளவில் இருந்தால் படம் வந்துவிடும். ஆக 7 டெசிபல் கையிருப்பு இருக்கிறது. படம் உடைய எந்தக் காரணமும் இல்லை.

இந்த 27 இன்னொன்றையும் சொன்னது. பூஸ்டர் நிரம்பி வழிந்து சிக்னலைக் கெடுத்திருந்தால், அந்தக் கேடு கேபிள் வழியாக மீட்டருக்கும் வந்து எண் சரிந்திருக்கும். சரியவில்லை. ஆகவே டிவியின் வாசல் வரை சிக்னல் நன்றாகத்தான் வருகிறது.

அப்புறம் மீட்டரை ஸ்பெக்ட்ரம் காட்டும்படி மாற்றினேன். பக்கத்துக் கோபுரத்தின் 666 மெகாஹெர்ட்ஸ் 82-ல் நின்றது. அதைவிட உயரமாக, டிவி அலைவரிசைகளுக்கு மேலே 763 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு ஒரு அகலமான மேடு, 88-ல். அது செல்போன் கோபுரத்தின் எல்டிஇ (4ஜி) சிக்னல். பார்க்க வேண்டிய சேனலைவிட 36 டெசிபல் அதிகம். சக்தியில் சொன்னால் கிட்டத்தட்ட 4,000 மடங்கு. அந்த ஆன்டெனாவும் பூஸ்டரும் செல்போனுக்கு இந்த அலைவரிசை போவதற்கு முந்தைய கால வடிவமைப்பு. எதையும் வடிகட்டாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தன.

மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது

உள் அறைக்குப் போகும் கேபிள் கொஞ்சம் நீளம், அதனால் அங்கே சுமார் 2 டெசிபல் குறைவு. பழைய டிவி பிழைப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று யாராவது சொல்லலாம். அதனால் இரண்டு டிவியையும் இடம் மாற்றினோம். ஹாலில் பழைய டிவி எல்லாச் சேனலையும் எடுத்தது. உள் அறையில் புது டிவி முன்பைவிடக் கொஞ்சம் தேவலை, ஆனால் படம் நிற்கவில்லை. சிக்கல் டிவியோடுதான் நகர்கிறது.

அடுத்து, ஹால் கேபிளில் தனி ரிசீவர் பெட்டி ஒன்றைச் செருகி, எச்டிஎம்ஐ வழியாக அதே புது டிவியில் பார்த்தோம். ஒரு உடைசல் இல்லை. அதே ஆன்டெனா, அதே கேபிள், அதே திரை. மாறியது ட்யூனர் ஒன்றுதான்.

முடிவான சோதனை அதற்குப் பிறகு. சிக்னலை வேண்டிய அளவு குறைக்கும் அட்டெனுவேட்டர் என்ற சின்ன உருளையைப் புது டிவிக்கு முன்னால் மாட்டினேன். டிவியின் மெனுவில் சிக்னல் வலு, சிக்னல் தரம் என்று இரண்டு பட்டைகள் தெரியும். குறைப்பு இல்லாதபோது வலுப் பட்டை முட்ட நிறைந்திருந்தது, தரப் பட்டை பாதிக்கும் கீழே கிடந்து துடித்தது. குமிழைத் திருகித் திருகி 10 டெசிபல் குறைத்ததும் வலுப் பட்டை கண்ணெதிரே இறங்கியது, தரப் பட்டை ஏறிப்போய் மேலே நின்றது. கறுப்பாக இருந்த திரையில் படம் வந்துவிட்டது. இன்னும் குறைத்து 20 டெசிபலைத் தொட்டபோது மறுபடி உடைய ஆரம்பித்தது. இந்தத் தடவை காரணம் நிஜமாகவே சிக்னல் போதாதது.

சிக்னலைக் குறைத்தால் படம் வரும் என்பதை வீட்டுக்காரர்களால் நம்ப முடியவில்லை. நம்ப வைக்கக் கணக்கு இருக்கிறது.

உள்ளே நடப்பது

ட்யூனரின் முதல் பகுதி ஒரு பெருக்கி. அளவுக்கு மீறிய சிக்னல்கள் இரண்டு ஒன்றாக உள்ளே வந்தால் அது அவற்றைக் கலந்து, வெளியே எங்கும் இல்லாத போலி சிக்னலை உண்டாக்கிவிடும். அந்தப் போலி எங்கே விழும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம்: முதல் அலைவரிசையின் இரண்டு மடங்கிலிருந்து அடுத்ததைக் கழிக்க வேண்டும். இந்த வீட்டில் 666-ன் இரு மடங்கு 1332. அதில் 763 போனால் 569 மெகாஹெர்ட்ஸ். டிவி சிக்னல் 8 மெகாஹெர்ட்ஸ் அகலம், செல்போன் சிக்னல் 10 என்பதால் போலியும் அகலமாகப் பரவும், சுமார் 556 முதல் 582 வரை. உடைந்த சேனல்கள் 562-லும் 570-லும். இரண்டும் அந்தப் போலியின் அடியில் அப்படியே புதைந்துவிட்டன.

இந்த வகைப் போலிக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே வரும் சிக்னல்களை எல்லாம் 1 டெசிபல் கூட்டினால் அது 3 டெசிபல் கூடும், 1 குறைத்தால் 3 குறையும். அட்டெனுவேட்டரில் 10 குறைத்தபோது வேண்டிய சேனல் 10 இறங்கியது, போலி 30 இறங்கியது. நிகர லாபம் 20 டெசிபல். பெரிய ஆன்டெனா போட்டதும் மோசமானது ஏன் என்பதும் இதே கணக்கின் மறுபக்கம்.

நல்ல ட்யூனரிடம் மூன்று குணங்களை எதிர்பார்க்கிறேன். ஒன்று, தன் சொந்த இரைச்சலைக் குறைவாகச் சேர்ப்பது. 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயற்கையான வெப்ப இரைச்சலே சுமார் 4 டெசிபல் மைக்ரோவோல்ட் வரும். ட்யூனர் தன் பங்குக்கு 6, 7 சேர்க்கும். தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு இதுதான் முக்கியம். இரண்டு, பலமான அண்டை சிக்னலைத் தாங்குவது. நகரத்தில், கோபுரங்களுக்கு நடுவில் இருக்கும் வீட்டுக்கு முதலாவதைவிட இது பெரிது என்பது என் கருத்து. மூன்றாவது, கட்டடங்களில் பட்டுத் தாமதமாக வரும் எதிரொலிகளைச் சமாளிப்பது. இது ட்யூனரோடு ஒட்டியிருக்கும், சிக்னலிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும் டிமாடுலேட்டரின் வேலை.

அனலாக் காலத்தில் ட்யூனர் சுமார் என்றால் படத்தில் புள்ளி விழும், நிழல் தெரியும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் அந்தச் சலுகை இல்லை. எல்லை வரைக்கும் அச்சு அசலான படம், எல்லையைத் தாண்டிய ஒன்றிரண்டு டெசிபலில் எதுவுமே இல்லை. அதனால்தான் சின்ன ட்யூனர் வித்தியாசம் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

பின்னிரவு ஏன் மோசம்

கூட்டம் அதிகமான நேரத்தில் செல்போன் கோபுரம் அதிக சக்தியை அனுப்பும், அப்போதுதான் தொல்லை கூட வேண்டும் என்று தோன்றும். இங்கே நடந்தது தலைகீழ்.

ட்யூனர் உள்ளே வரும் மொத்த சிக்னலைப் பார்த்துத் தன் பெருக்கத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஏஜிசி என்று சொல்வார்கள். பகலில் எல்டிஇ கோபுரம் ஏறக்குறைய இடைவிடாமல் அனுப்புவதால் ஏஜிசி ஒரு நிலையில் நின்றுவிடும். பயன்படுத்துபவர்கள் தூங்கிய பிறகு கோபுரம் கட்டுப்பாட்டுத் தகவல்களை மட்டும் துண்டு துண்டாக அனுப்பும், நடுவில் மௌனம். மில்லி விநாடிக் கணக்கில் ஏறி இறங்கும் இந்தத் துடிப்பைத் துரத்திக்கொண்டு ஏஜிசியும் ஏறி இறங்கினால், வேண்டிய சேனலின் அளவும் கூடவே ஆடும். டிமாடுலேட்டர் பிடியை விட்டுவிடும். செல்போனுக்கு 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கொடுத்த காலத்தில் ஐரோப்பாவில் நடந்த ஆய்வக அளவீடுகளிலேயே சில சிலிக்கான் ட்யூனர்கள் (ஒரே சில்லில் அடங்கும் புதிய வகை) இப்படித் தடுமாறுவது பதிவாகியிருக்கிறது. பக்கத்திலேயே வைத்த பழைய டிவியும் தனிப் பெட்டியும் அதே பின்னிரவில் அசையவில்லை. ஆகவே இது அந்த ட்யூனரின் வடிவமைப்புக் குறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதைக் கேட்டதும் "அப்போ பழைய டிவிதான் ஒசத்தி" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழைய டிவிகளில் ட்யூனர் ஒரு உலோகப் பெட்டிக்குள் சுருள்களோடு இருக்கும். நாம் வைக்கும் சேனலோடு சேர்ந்து நகரும் வடிகட்டி உள்ளே இருப்பதால், அந்தச் சேனலிலிருந்து வெகுவாகத் தள்ளியிருக்கும் அலைவரிசையில் வரும் பலமான சிக்னலை அது வாசலிலேயே தள்ளிவிடும். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அந்த வகை ட்யூனர்களின் இடைநிலை அலைவரிசை (வந்த சேனலை ட்யூனர் உள்ளே மாற்றிக்கொள்ளும் அலைவரிசை) சுமார் 36 மெகாஹெர்ட்ஸ் என்பதால், 72 மெகாஹெர்ட்ஸ் மேலே, அதாவது 8 மெகாஹெர்ட்ஸ் அகலக் கணக்கில் ஒன்பது சேனல் தள்ளி, பலமான சிக்னல் இருந்தால் அது உள்ளே புகுந்து கெடுக்கும். சிலிக்கான் ட்யூனரில் அந்தத் தொல்லை இல்லை. ஒட்டியிருக்கும் அண்டைச் சேனலை வெட்டுவதில் நல்ல சிலிக்கான் ட்யூனர் பழசை மிஞ்சிவிடும். முன்பகுதியில் வடிகட்டியைச் சிக்கனப்படுத்தியவைதான் இந்த வீட்டில் நடந்தது போலத் திணறுகின்றன.

தீர்த்த விதம்

694 மெகாஹெர்ட்ஸ் வரை விட்டு, அதற்கு மேலே செல்போன் அலைவரிசையைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றைக் கம்பத்தில், பூஸ்டருக்கு முன்னால் மாட்டினேன். கீழே டிவியின் ஆன்டெனா துளையில் மாட்டினாலும் இந்த வீட்டில் வேலை செய்திருக்கும், ஆனால் பூஸ்டரும் சேர்ந்து மூச்சு விடட்டும் என்பதால் மேலே. பூஸ்டரைக் கழற்றவே முடியுமா என்றும் பார்த்தோம். கழற்றினால் தூரத்து அலைவரிசைகள் கேபிளிலும் ஸ்பிளிட்டரிலும் தேய்ந்து விளிம்புக்கு வந்துவிட்டன. வரிசையில் முதலில் வரும் பெருக்கியின் இரைச்சல்தான் மொத்த அமைப்பின் இரைச்சலைத் தீர்மானிக்கும், அதனால் நல்ல பூஸ்டர் கம்பத்தில் இருப்பது சரியான இடமே. பெருக்கத்தை மட்டும் குறைத்து வைத்தோம். இரண்டு டிவியிலும் எல்லாச் சேனலும் பின்னிரவிலும் நின்றன. வாங்கிய பெரிய ஆன்டெனா மட்டும் தேவையே இல்லாத செலவு. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் அதை மாட்டச் சொன்னவர் கையில் ஒரு மீட்டர்கூட இல்லை.

பெட்டியில் ஏன் அச்சிடுவதில்லை

ட்யூனர் தரத்துக்கு அளவுகோலே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்க முறைக்கு ஏ/74 என்ற பரிந்துரை ஆவணம், வட ஐரோப்பாவில் நார்டிக் விதிகள், பிரிட்டனில் டி-புக். எவ்வளவு மெல்லிய சிக்னலை எடுக்க வேண்டும், அண்டை சிக்னலை எவ்வளவு தாங்க வேண்டும் என்று எல்லாம் எண்ணாக எழுதியிருக்கிறது. வாங்குபவர் கையில் கிடைக்கும் தாளில் மட்டும் எந்த ஒளிபரப்பு முறை என்ற பெயரோடு முடிந்துவிடும்.

அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் விஷயம் புரியும். 2007 மார்ச் 1 முதல் எல்லா டிவியிலும் டிஜிட்டல் ட்யூனர் இருந்தே ஆக வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. அது எவ்வளவு நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று அந்த ஆணை எண் எதுவும் வைக்கவில்லை. ஆனால் 2009-ல் அனலாக் நிற்கும் சமயத்தில் பழைய டிவிக்காரர்களுக்கு அரசு கூப்பன் கொடுத்து மலிவான மாற்றுப் பெட்டிகளை வாங்க வைத்தது. கூப்பனுக்குத் தகுதி பெற அந்தப் பெட்டி மைனஸ் 83 டிபிஎம் (சிக்னல் சக்தியின் அலகு) வரை மெல்லிய சிக்னலை எடுக்க வேண்டும் என்பது போன்ற வரவேற்புத் திறன் விதிகள் இருந்தன. பணம் போட்ட அரசு எண் கேட்டது, பெட்டிகள் அந்த எண்ணுக்கு இணங்கி வந்தன. முழு டிவிக்குப் பணம் போடும் நாம் கேட்பதில்லை.

அதே நாட்டில் அதற்கு முன்பே இன்னொரு பாடமும் உண்டு. தொடக்க கால டிஜிட்டல் ரிசீவர்கள் எதிரொலியில் அவ்வளவு மோசமாகத் தடுமாறியதால், 1999-ல் சின்க்ளேர் ஒளிபரப்பு நிறுவனம் ஒளிபரப்பு முறையையே மாற்ற வேண்டும் என்று மனு போட்டது. மனு ஏற்கப்படவில்லை. 2004 வாக்கில் எல்ஜி கொண்டுவந்த ஐந்தாம் தலைமுறைச் சில்லு அதே சிக்னலை, அதே ஒளிபரப்பு முறையில், முந்தையவை கைவிட்ட இடங்களில் எடுத்துக் காட்டியது. காற்றில் வந்த சிக்னல் மாறவே இல்லை. ரிசீவர்தான் மாறியது.

வாங்குவதற்கு முன்னும் வாங்கிய உடனேயும்

செட்-டாப் பாக்ஸ் வழியாகவோ இணையம் வழியாகவோ மட்டும் பார்ப்பவர்களுக்கு டிவிக்குள் இருக்கும் ட்யூனர் ஒரு பொருட்டல்ல. அவர்கள் திரையை மட்டும் பார்த்து வாங்கலாம். ஆன்டெனாக்காரர்கள் முதலில் உறுதி செய்ய வேண்டியது, தங்கள் ஒளிபரப்பு முறைக்கான ட்யூனர் உள்ளே இருக்கிறதா என்பதை. ட்யூனரே இல்லாமல் திரை மட்டும் வரும் பெரிய மாடல்களும் உண்டு. 2016-ல் வீஸியோ சில வரிசைகளில் ட்யூனரையே எடுத்துவிட்டது.

தரத்தைக் கடையில் வைத்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. கடைச் சிக்னல் வேறு, உங்கள் வீட்டுச் சிக்னல் வேறு. பெயர் பெற்ற கம்பெனி என்பதும் போதாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களில் இரண்டு விதமான ட்யூனர் வரலாம். அதனால் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நாட்களுக்குள் வீட்டில் சோதித்துவிடுவது ஒன்றே நம்பகமான வழி. பழைய டிவியை அதற்குள் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல கருவி உங்களிடம் இருக்காது.

சோதிக்கும்போது பளிச்சென்று வரும் சேனலை விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் எப்போதும் தகராறு செய்யும் சேனலைப் போடுங்கள். மெனுவில் வலுப் பட்டையைவிடத் தரப் பட்டையைப் பாருங்கள். வலு நிறைந்தும் தரம் துடித்தால் பூஸ்டரின் பெருக்கத்தைக் குறைத்தோ, அட்டெனுவேட்டர் ஒன்றை மாட்டியோ பாருங்கள். தரம் ஏறினால் பெரிய ஆன்டெனா வாங்காதீர்கள், ஃபில்டர் வாங்குங்கள். இரண்டு பட்டையும் சேர்ந்தே இறங்கிக் கிடந்தால் அப்போது ஆன்டெனாவையும் கேபிளையும் சந்தேகப்படலாம். டிவிக்குப் பின்னால் உறை சரியில்லாத எச்டிஎம்ஐ கேபிள் ஆன்டெனா கேபிளோடு சுற்றிக் கிடந்தாலும் தரம் இறங்கும், ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள். இரண்டு கோபுரங்களின் சிக்னல் கிடைக்கும் இடத்தில் தானியங்கித் தேடல் சில டிவிகளில் மோசமான பிரதியைச் சேமித்துவிடும். அங்கே கைமுறையாக அலைவரிசையைக் கொடுத்துத் தேடுவது நல்லது.

படுக்கப் போகும் முன் ஒரு தடவையும், விடியற்காலையில் ஒரு தடவையும் அதே சேனலைப் போட்டுத் தரப் பட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும் நிலை வந்தால், ஆன்டெனாதான் குறை என்று சொல்பவரிடம் பழைய டிவியின் படத்தையும் சேர்த்துக் காட்டலாம்.